ஆம்ப்ளிஃபயருக்கு எந்த காம்பன்சேஷன்? மில்லர், டூ-போல், டி.எம்.சி.: ஓர் ஒப்பீடு

மூன்று நிலை கொண்ட வழக்கமான டிரான்சிஸ்டர் பவர் ஆம்ப் ஒன்றை வடிவமைப்பவர், உள்ளீட்டு ஜோடி, வோல்டேஜ் நிலை, அவுட்புட் நிலை என எல்லாவற்றையும் முடிவு செய்த பிறகு கடைசியில் வந்து நிற்கும் இடம் காம்பன்சேஷன், அதாவது ஆம்ப் ஆஸிலேட் ஆகாமல் (தானாக அலையாமல்) பார்த்துக்கொள்ளும் ஒரு கெப்பாசிட்டர். வோல்டேஜ் நிலை டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே உட்காரும் அந்த நூறு பிகோஃபாரட் பொட்டுதான், ஃபீட்பேக் (அவுட்புட்டின் ஒரு பங்கை உள்ளீட்டோடு ஒப்பிட்டுப் பிழையைத் திருத்தும் வளையம், அதாவது லூப்) எந்த அதிர்வெண் வரை வேலை செய்யும், அதற்கு மேல் எவ்வளவு அடக்கமாக விலகும் என்பதைத் தீர்மானிக்கிறது. அதை அப்படியே விடுவதா (மில்லர்), இரண்டாகப் பிரித்து நடுவில் ஒரு ரெசிஸ்டர் கட்டுவதா, அந்த ரெசிஸ்டரின் மறுமுனையைக் கிரவுண்டுக்குக் கொடுப்பதா (டூ-போல்) அவுட்புட்டுக்குக் கொடுப்பதா (டிரான்சிஷனல் மில்லர் காம்பன்சேஷன், சுருக்கமாக டி.எம்.சி.), இல்லை ஃபீட்பேக்கே வேண்டாம் என்று ஒதுங்குவதா? எடை போட வேண்டியவை இந்த நான்கும்தான்.

எண் இல்லாமல் இதைப் பேசினால் வெறும் ருசிப் பேச்சாகிவிடும். எனவே ஒரு மாதிரி ஆம்ப். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட், அதாவது உச்ச வோல்டேஜ் 40. மூடிய லூப் ஆதாயம் (ஃபீட்பேக்கோடு சேர்ந்த மொத்தப் பெருக்கம்) 20 மடங்கு. உள்ளீட்டு ஜோடிக்கு மொத்தம் 2 மில்லிஆம்பியர், கரண்ட் மிரர் உண்டு, ஒவ்வோர் எமிட்டரிலும் 100 ஓம். டிரான்சிஸ்டருக்குள்ளேயே இருக்கும் 26 ஓமையும் சேர்த்தால் 126 ஓம். ஆக, உள்ளீட்டு நிலையின் டிரான்ஸ்கண்டக்டன்ஸ் (ஒரு வோல்ட்டுக்கு எவ்வளவு கரண்ட் தரும் என்பது) 7.9 மில்லிசீமென்ஸ். கெப்பாசிட்டர் 100 பிகோஃபாரட். டிரான்ஸ்கண்டக்டன்ஸை 6.28 × கெப்பாசிட்டன்ஸ் × 20 என்பதால் வகுத்தால் கிடைப்பது ஏறக்குறைய 630 கிலோஹெர்ட்ஸ். லூப் ஆதாயம் (சிக்னல் ஃபீட்பேக் வளையத்தை ஒருமுறை சுற்றி வரும்போது பெருகும் அளவு) ஒன்றாகச் சரியும் அதிர்வெண் அது. கீழே 'யூனிட்டி அதிர்வெண்' என்று வருவதெல்லாம் இதுதான். 20 கிலோஹெர்ட்ஸில் லூப் ஆதாயம் சுமார் 30 டெசிபெல், 1 கிலோஹெர்ட்ஸில் 56.

காதுக்கு எப்படி வந்து சேர்கிறது

630 கிலோஹெர்ட்ஸில் நடப்பது எந்தக் காதுக்கும் கேட்காது. அப்படியிருக்க ஸ்டெபிலிட்டி ஏன் ஒலியைத் தொடுகிறது?

ஃபீட்பேக் பிழையைக் குறைக்கும் என்பது யூனிட்டி அதிர்வெண்ணுக்கு நன்றாகக் கீழே மட்டும் உண்மை. அந்த அதிர்வெண்ணை நெருங்கும்போது, ஃபேஸ் மார்ஜின் (லூப்பின் ஃபேஸ் தாமதம் 180 டிகிரியைத் தொட இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது) போதாவிட்டால், அதே லூப் பிழையைப் பெருக்கத் தொடங்கும். மார்ஜின் 60 டிகிரி என்றால் யூனிட்டி அதிர்வெண்ணில் பிழை ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. 45 டிகிரியில் 1.3 மடங்கு (2.3 டெசிபெல்), 30 டிகிரியில் 1.9 மடங்கு (5.7 டெசிபெல்), 20 டிகிரியில் 2.9 மடங்கு (9.2 டெசிபெல்) ஏறும். டிஜிட்டல் மூலத்திலிருந்து வழியும் அல்ட்ராசானிக் இரைச்சலும் இதே அளவு தூக்கப்படும். அது அவுட்புட் நிலையில் மற்ற சிக்னல்களோடு கலந்து, கேட்கும் எல்லைக்குள் வித்தியாச அதிர்வெண்களாக இறங்கும்.

இதைவிட முக்கியமானது, மார்ஜின் நிலையான எண் அல்ல என்பது. பவர் டிரான்சிஸ்டரின் வேகமும் உள் கெப்பாசிட்டன்ஸும் கரண்டையும் வோல்டேஜையும் பொறுத்து மாறும். சைன் அலை உச்சியைத் தொடும்போது கலெக்டர்-பேஸ் வோல்டேஜ் குறைகிறது, கெப்பாசிட்டன்ஸ் ஏறுகிறது, அந்தச் சில மைக்ரோவினாடிகளுக்கு மட்டும் ஆம்ப் சில மெகாஹெர்ட்ஸில் ஆஸிலேட் ஆகிவிட்டுத் திரும்புகிறது. ஸ்கோப்பில் அலையின் ஒரு பக்கத்தில் மட்டும் மயிர் முளைத்தது போலத் தெரியும். காதில் சத்தம் கூடிய இடங்களில் மட்டும் வரும் ஒரு கரகரப்பு. டிஸ்டார்ஷன் மீட்டரை 1 வாட்டில் வைத்துப் பார்த்தால் எல்லாம் சுத்தம்.

ஸ்பீக்கர் கேபிளும் இந்தக் கதையில் உண்டு. கெப்பாசிட்டன்ஸ் அதிகமான கேபிள் மார்ஜினைத் தின்னும். கேபிள் ஓர் ஆன்டெனாவும்கூட. அது பிடித்து வரும் ரேடியோ அலை ஃபீட்பேக் ரெசிஸ்டர் வழியே நேராக உள்ளீட்டு டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போய் ரெக்டிஃபை ஆகும். 'கேபிளை மாற்றினேன், ஒலி மாறியது' என்ற பேச்சில் உண்மை இருக்கும் இடங்களில், குற்றவாளி பெரும்பாலும் விளிம்பில் நிற்கும் ஆம்ப்தான்.

இன்னொரு பழைய சந்தேகத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். ஃபீட்பேக் கூடினால் ஒலி உயிரிழக்கும் என்ற கருத்துக்கு 1970களில் மாட்டி ஒட்டாலாவின் டிரான்சியன்ட் இன்டர்மாடுலேஷன் (சிக்னல் சட்டென்று மாறும்போது ஆம்ப் ஈடுகொடுக்காமல் வரும் டிஸ்டார்ஷன்) ஆய்வுகள் வலு சேர்த்தன. அவர் சுட்டிய குறை மெய். ஆனால் அதன் வேர் ஃபீட்பேக்கின் அளவில் இல்லை. நம் மாதிரி ஆம்ப் 20 கிலோஹெர்ட்ஸில் 40 வோல்ட் உச்சம் தர அவுட்புட் வோல்டேஜ் மாறுவதில் மைக்ரோவினாடிக்கு 5 வோல்ட் வேகம் வேண்டும். அதன் கையிருப்பு 2 மில்லிஆம்பியரை 100 பிகோஃபாரடால் வகுத்தது, அதாவது 20 வோல்ட். இப்போது எமிட்டரில் உள்ள 100 ஓம்களை எடுத்துவிடுங்கள். அதே யூனிட்டி அதிர்வெண்ணுக்கு 490 பிகோஃபாரட் வேண்டியிருக்கும், வேகம் 4 வோல்ட்டாக விழும். லூப் ஆதாயம் 20 கிலோஹெர்ட்ஸில் முன்பு போலவே 30 டெசிபெல்தான். ஆனாலும் ஆம்ப் மூச்சுத் திணறும். இரண்டு சின்ன ரெசிஸ்டர்களில் அடங்கிய பிரச்சினை அது.

ஒற்றை மில்லர் கெப்பாசிட்டர்

ஒரு கெப்பாசிட்டர், அவ்வளவுதான். அதிர்வெண் பத்து மடங்காகும் ஒவ்வொரு முறையும் லூப் ஆதாயம் 20 டெசிபெல் சரியும், ஃபேஸ் 90 டிகிரியில் நிற்கும். அவுட்புட் நிலையும் மற்ற சில்லறைத் தாமதங்களும் சேர்ந்து 20 டிகிரி தின்றாலும் 70 டிகிரி மிச்சம். எது தவறினாலும் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கினால் சரியாகும் என்பது இதன் பெரிய நிம்மதி.

கொடுக்கும் விலை உயர் அதிர்வெண்ணில். கிளாஸ்-பி அவுட்புட்டின் கிராஸ்ஓவர் டிஸ்டார்ஷன் (பிளஸ் பக்க டிரான்சிஸ்டரிலிருந்து மைனஸ் பக்கத்துக்கு வேலை கைமாறும் இடத்தில் வரும் பிழை) ஏழு, ஒன்பது, பதினொன்று என்று மேலே மேலே ஹார்மானிக்குகளைத் தள்ளும். 5 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஏழாம் ஹார்மானிக் 35 கிலோஹெர்ட்ஸில். அங்கே லூப் ஆதாயம் 25 டெசிபெல்தான். 19, 20 கிலோஹெர்ட்ஸ் இரட்டைச் சோதனையில் எஞ்சுவது இந்தக் குறைதான். ஆனால் பயஸ் (சிக்னல் இல்லாதபோது அவுட்புட் நிலையில் ஓடும் கரண்ட்) சரியாக இருந்தால் இந்த எச்சம் மிகச் சிறியது. எமிட்டர் ரெசிஸ்டர் ஒவ்வொன்றின் குறுக்கேயும் 20 முதல் 26 மில்லிவோல்ட் என்று வைத்து, வெப்ப ஈடுகட்டும் டிரான்சிஸ்டரை ஹீட்சிங்கில் ஒழுங்காகப் பொருத்தினால், இந்த எளிய வழியே பெரும்பாலான வீட்டு ஆம்ப்களுக்குப் போதும்.

2என்3055 போன்ற பழைய, 2.5 மெகாஹெர்ட்ஸ் அளவு வேகம் கொண்ட அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் என்றால் வேறு வழியே யோசிக்க வேண்டாம். எமிட்டர் ரெசிஸ்டரை 220 ஓமாக்கி, கெப்பாசிட்டரை 180 பிகோஃபாரடாக்குங்கள். யூனிட்டி அதிர்வெண் 180 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கும், வேகம் 11 வோல்ட்டாக நிற்கும். 20 கிலோஹெர்ட்ஸில் ஃபீட்பேக் 19 டெசிபெல்தான் கிடைக்கும். அந்த டிரான்சிஸ்டருக்கு அதுதான் நேர்மையான எல்லை.

டூ-போல்

100 பிகோஃபாரடும் 1 நானோஃபாரடும் தொடராக, அவை சேரும் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு 1 கிலோஓம். உயர் அதிர்வெண்ணில் இரண்டு கெப்பாசிட்டரும் சேர்ந்து 91 பிகோஃபாரட் போல நடக்கும், யூனிட்டி அதிர்வெண் 690 கிலோஹெர்ட்ஸ். சுமார் 145 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே சரிவு இரட்டிப்பாகிறது, அதனால் 20 கிலோஹெர்ட்ஸில் லூப் ஆதாயம் 30க்குப் பதில் 48 டெசிபெல் அளவு. இழப்பு யூனிட்டி அதிர்வெண்ணில் 12 டிகிரி ஃபேஸ். 70 டிகிரி 58 ஆகும். வாங்கியதற்குக் கொடுத்தது மலிவு.

இங்கே இரண்டு பொறிகள். முதலாவது, எந்தக் கெப்பாசிட்டர் எந்தப் பக்கம் என்பது. கணக்கில் இரண்டும் ஒன்றே, கரண்டில் இல்லை. 1 நானோஃபாரடைக் கலெக்டர் பக்கம் வைத்தால் 20 கிலோஹெர்ட்ஸில் அது 8 கிலோஓம். 40 வோல்ட்டுக்கு 5 மில்லிஆம்பியர் கேட்கும். வோல்டேஜ் நிலை 8 மில்லிஆம்பியரில் ஓடினால் பாதிக்கு மேல் அங்கேயே போய்விடும். 100 பிகோஃபாரடைக் கலெக்டர் பக்கம் வைத்தால் அரை மில்லிஆம்பியர்தான்.

இரண்டாவது, ஸ்குவேர் அலையில் தெரியும் துள்ளல். மேலே சொன்ன மதிப்புகளில், மற்ற தாமதங்களே இல்லாமல் மார்ஜின் 78 டிகிரி இருந்தாலும்கூட அலையின் முனை 12% தாண்டித் திரும்பும். இது ரிங்கிங் இல்லை. ஒருமுறை தாண்டி, அடுத்த அலை இல்லாமல் அமைதியாக இறங்கும். இரட்டைச் சரிவுள்ள எந்த லூப்புக்கும் உள்ள இயல்பு இது. இதை ஸ்டெபிலிட்டிக் கோளாறு என்று எண்ணிக் கெப்பாசிட்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போவது வீண் வேலை. துள்ளலின் வேகம் குறையுமே தவிர துள்ளல் போகாது. உள்ளீட்டில் 1 கிலோஓம், 1 நானோஃபாரட் வடிகட்டி வைத்தால் 160 கிலோஹெர்ட்ஸில் வெட்டும், துள்ளல் ஏறக்குறைய மறையும். ரேடியோ அலையைத் தடுக்க அந்த வடிகட்டி எப்படியும் வேண்டியதுதான்.

டூ-போல் ஆம்ப் கிளிப்பிங்கிலிருந்து மீளும் விதத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். ரயிலில், அதாவது சப்ளை வோல்டேஜின் எல்லையில், முட்டிய பிறகு (அதுதான் கிளிப்பிங்) சட்டென்று திரும்பாமல் ஒரு கணம் தாண்டிப் போய் வரும். சத்தமாக ஓட்டும் பழக்கமுள்ளவருக்குச் சின்ன ஆம்ப் கட்டும்போது இது காதில் படும்.

டி.எம்.சி.

அதே மூன்று பாகங்கள், ரெசிஸ்டரின் கீழ்முனை மட்டும் கிரவுண்டுக்குப் பதில் அவுட்புட்டில். தாழ்ந்த அதிர்வெண்ணில் மில்லர் லூப் அவுட்புட் நிலையையும் தன் வளையத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மேலே போகப் போக அதைக் கழற்றிவிட்டுப் பழைய மில்லராக மாறும். எந்த நிலை அதிகம் பிழை செய்கிறதோ, அந்த அவுட்புட் நிலைக்கு டூ-போல் தரும் அதே 18 டெசிபெல் கூடுதல் திருத்தம் 20 கிலோஹெர்ட்ஸில் கிடைக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒற்றைச் சரிவு, எனவே துள்ளல் இல்லை. உள்ளீட்டு நிலைக்கும் வோல்டேஜ் நிலைக்கும் மட்டும் கூடுதல் ஃபீட்பேக் இல்லை. அவை தம்மளவில் சுத்தமாக இருக்க வேண்டும். வோல்டேஜ் நிலைக்கு முன் ஓர் எமிட்டர் ஃபாலோயர், மேலே கரண்ட் மிரர் என்று கட்டியிருந்தால் இது குறையாகத் தெரியாது.

டூ-போல் போர்டில் ரெசிஸ்டரின் ஒரு காலை மட்டும் தூக்கி அவுட்புட்டில் வைத்துவிட்டு டி.எம்.சி. என்று சொல்லிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. கெப்பாசிட்டர்களையும் இடம் மாற்ற வேண்டும். ஆடியோ எல்லையில் ரெசிஸ்டரின் இரு பக்கமும் ஒரே வோல்டேஜ் ஆடுவதால், மில்லர் கெப்பாசிட்டராக வேலை செய்வது பேஸ் பக்கம் இருப்பது மட்டும். அங்கே 1 நானோஃபாரட் இருந்தால் உள்ளீட்டு நிலை பார்க்கும் லூப் ஆதாயம் 20 டெசிபெல் விழும், வேகமும் பத்தில் ஒன்றாகும். எனவே 100 பிகோஃபாரட் பேஸ் பக்கம், 1 நானோஃபாரட் கலெக்டர் பக்கம். டூ-போலில் பயமுறுத்திய 5 மில்லிஆம்பியர் இங்கே வராது. மறுமுனையும் சேர்ந்தே ஆடுகிறது அல்லவா.

சிமுலேஷனில் இன்னொரு சறுக்கல். வெளி ஃபீட்பேக் கம்பியை மட்டும் வெட்டி மார்ஜின் பார்த்தால் எல்லாம் அழகாகத் தெரியும். அவுட்புட் நிலையைச் சுற்றி இரண்டு பாதைகள் உள்ளன. அவை பிரியும் இடத்துக்கு முன்னால், அவுட்புட் முனையில் வெட்டிப் பார்க்க வேண்டும். அங்கே யூனிட்டி அதிர்வெண் மேலே சொன்ன மதிப்புகளுக்கு 20%க்குச் சற்று மேல் கூடியிருக்கும். 2எஸ்சி5200, 2எஸ்ஏ1943 போன்ற 30 மெகாஹெர்ட்ஸ் ஜோடிகளுக்கு இது தாங்கும், மெதுவானவற்றுக்குத் தாங்காது.

ஸ்கோப் கையில் இருந்து, அவுட்புட் டிரான்சிஸ்டர்களும் வேகமாக இருந்தால், இந்த மூன்றில் முதல் தேர்வு டி.எம்.சி. ஸ்கோப் இல்லாதவர் ஒற்றை மில்லரோடு நிற்பதே நல்லது. 48 டெசிபெல் காகிதத்தில் இருந்து என்ன பயன், சரியாகக் கட்டாத போர்டில் அது ஆஸிலேட்டராகிவிட்டால்?

ஃபீட்பேக் இல்லாமல் அல்லது கொஞ்சமாக

வெளி லூப் இல்லையென்றால் அந்த லூப்பின் ஸ்டெபிலிட்டிப் பிரச்சினையும் இல்லை. ஈர்ப்பு புரிகிறது. ஆனால் 10 டெசிபெல் அளவுக்குக் கொஞ்சமாகப் போடுவதுதான் மோசமான இடைவழி. 1970களின் பிற்பகுதியில் பீட்டர் பேக்சண்டால் காட்டியபடி, இரண்டாம் ஹார்மானிக் மட்டும் தரும் ஒரு டிரான்சிஸ்டர் நிலைக்குச் சிறிதளவு ஃபீட்பேக் கொடுத்தால் முன்பு இல்லாத மூன்று, நான்கு, ஐந்தாம் ஹார்மானிக்குகள் முளைக்கும். ஃபீட்பேக்கை மேலும் கூட்டினால்தான் அவையும் அடங்கும். போட்டால் தாராளமாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் போடவே கூடாது.

அறவே இல்லாத ஆம்ப்பின் ஒலி வேறாகக் கேட்பதற்குப் பெரும்பாலும் வேறு காரணம். அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் 1 ஓம் என்று வையுங்கள். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் 4 ஓமுக்கும் 20 ஓமுக்கும் இடையே அலைந்தால், அந்த இரு இடங்களுக்கும் நடுவே 1.5 டெசிபெல் வித்தியாசம் வந்துவிடும். அது தாராளமாகக் கேட்கும். சிலருக்கு அது 'இதமான' ஒலி. அந்த இதம் வேண்டுமென்றால், ஃபீட்பேக் உள்ள சுத்தமான ஆம்ப்பின் அவுட்புட்டில் 1 ஓம் பவர் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைத்துக் கேட்டுப் பாருங்கள். அதிலேயே திருப்தி வந்தால் கிளாஸ்-ஏ ஹீட்சிங்கின் செலவு மிச்சம்.

லூப்புக்கு வெளியே

எந்த வழியானாலும் அவுட்புட்டில் 10 ஓமும் 100 நானோஃபாரடும் தொடராகக் கிரவுண்டுக்கு (இந்த ஜோடிக்கு ஸோபெல் என்று பெயர்), அதன்பின் 1 மைக்ரோஹென்ரி காயிலும் அதற்கு இணையாக ஒரு 10 ஓமும் வேண்டும். காயில் 20 கிலோஹெர்ட்ஸில் 0.13 ஓம்தான், ஒலியைக் கெடுக்கும் என்று பயந்து கழற்றுபவர்கள் மார்ஜினைக் கழற்றுகிறார்கள். ஃபீட்பேக் எடுக்கும் புள்ளி காயிலுக்கு முன்னால். அந்த 10 ஓம் ஸோபெல் ரெசிஸ்டர் கருகியிருந்தால் ஆம்ப் ஆஸிலேட் ஆகியிருக்கிறது என்று அர்த்தம். 1 மெகாஹெர்ட்ஸில் 100 நானோஃபாரட் வெறும் 1.6 ஓம், 10 வோல்ட் ஆஸிலேஷனுக்கே அந்த ரெசிஸ்டர் 10 வாட் குடிக்கும்.

காம்பன்சேஷன் கெப்பாசிட்டர் சி0ஜி வகை செராமிக் அல்லது சில்வர் மைக்காவாக இருக்கட்டும். எக்ஸ்7ஆர் வகை செராமிக்கின் மதிப்பு வோல்டேஜோடு மாறும், எனவே டிஸ்டார்ஷனைத் தானே உண்டாக்கும். அதன் குறுக்கே கிட்டத்தட்ட முழு ரயில்-டு-ரயில் வோல்டேஜும் ஆடுவதால், 45 வோல்ட் ரயில்களுக்கு 200 வோல்ட் தாங்கும் வகை எடுங்கள். ஃபீட்பேக் ரெசிஸ்டர்களைச் சிறிதாக வையுங்கள். 10 கிலோஓம், 510 ஓம் ஜோடியில் பேஸின் 10 பிகோஃபாரட் எந்தத் தொந்தரவும் செய்யாது. அதையே பத்து மடங்காக்கினால் 630 கிலோஹெர்ட்ஸில் 11 டிகிரி காணாமல் போகும்.

சோதிக்கும் வரிசை

உள்ளீட்டு வடிகட்டியைத் தற்காலிகமாகக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் அது குறையை மறைக்கும். கரண்ட் லிமிட் உள்ள சப்ளையில், 220 பிகோஃபாரட் என்ற பெரிய மதிப்போடு தொடங்கி, முதலில் லோடு இல்லாமல் பாருங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப், 10 மடங்கு புரோப், நீண்ட கிரவுண்ட் கிளிப்புக்குப் பதில் குட்டி ஸ்பிரிங். நீண்ட கம்பி தானே ரிங் ஆகி உங்களை ஏமாற்றும். 10 கிலோஹெர்ட்ஸ் ஸ்குவேர் அலை, அவுட்புட்டில் 2 வோல்ட்டுக்கு மேல் வேண்டாம். பெரிய அலையில் வேக எல்லை குறுக்கிட்டு ரிங்கிங்கை மூடிவிடும்.

பிறகு 8 ஓமோடு இணையாக 10 நானோஃபாரட், 100 நானோஃபாரட், 1 மைக்ரோஃபாரட், 2.2 மைக்ரோஃபாரட் என்று ஒவ்வொன்றாக. அடுத்து 8 ஓமைக் கழற்றிக் கெப்பாசிட்டர் மட்டும். 2.2 மைக்ரோஃபாரடில் ஸ்பீக்கர் முனையில் 107 கிலோஹெர்ட்ஸ் ரிங்கிங் தெரிந்தால் பதற வேண்டாம், அது காயிலும் கெப்பாசிட்டரும் ஆடும் ஊஞ்சல். பார்க்க வேண்டியது காயிலுக்கு முன்னால் உள்ள புள்ளி. அங்கே இரண்டு மூன்று அலைக்கு மேல் நீடித்தால் லூப்பின் குற்றம்.

கெப்பாசிட்டரைப் படிப்படியாகக் குறைத்து, எந்த லோடிலாவது ரிங்கிங் நீளும் மதிப்பைக் கண்டுபிடித்து, அதைப்போல் இரு மடங்கில் நிறுத்துங்கள். கடைசியாக 4 ஓமில் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் அலையைக் கிளிப்பிங் வரை மெதுவாக ஏற்றி, உச்சியின் இரு தோள்களிலும் மயிர் முளைக்கிறதா என்று பாருங்கள். ஆம்ப் குளிர்ந்திருக்கும்போது ஒரு முறை, ஹீட்சிங் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது இன்னொரு முறை. மைனஸ் பக்கத்தில் மட்டும் முளைத்தால், கெப்பாசிட்டரைத் தொடும் முன் அந்தப் பக்க டிரைவரின் பேஸில் 47 ஓமும், அவுட்புட் டிரான்சிஸ்டரின் பேஸில் 4.7 ஓமும், அதன் கலெக்டருக்கு அருகே ரயிலிலிருந்து கிரவுண்டுக்கு 100 நானோஃபாரடும் போட்டுப் பாருங்கள். அது பெரும்பாலும் அந்த இடத்து வயரிங்கின் வேலை, வெளி லூப்பினுடையது அல்ல.